வெந்துபோன மூன்று பைகள்

அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் குக்கரக்கா. சம்பளப் பதிவில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல ஒரு இரும்பு உருளை, அதற்குள் கொதிக்கும் நீராவி, முகப்பில் அழுத்தம் காட்டும் முள். ஆட்டோகிளேவ் என்பார்கள் படித்தவர்கள். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. உள்ளே போகிற எதுவும் உயிரோடு வெளியே வராது. "என் கையால கோடிக் கணக்குல கொன்னிருக்கேன்" என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை முதல் நாளே மிரட்டி வைப்பது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு.

கல்யாணமான புதிதில் புட்டி கழுவ வந்தவள். கை சுத்தம் பார்த்து உருளையைப் பொறுப்பாகக் கொடுத்தார்கள். முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் நீராவி சுட்ட தழும்பு. வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக்; அவர் கையிலும் தழும்பு உண்டு என்பதால் வீட்டில் யாரும் யாரையும் பார்த்துப் பரிதாபப்படுவதில்லை. வாய் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளுக்கே இருந்தது.

கம்பெனி செய்வது குளோவர் விதைக்குப் பூசும் பொடி. குளோவர் என்பது மூன்று மூன்று இலையாகத் தரையோடு படரும் தீவனப் பயிர். மாடுகள் அதைக் கண்டால் விடாது. அதன் வேரில் கடுகளவு கடுகளவாக முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா, காற்றில் சும்மா கிடக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குச் சத்தாக்கிக் கொடுக்கும். செடி பதிலுக்கு அதற்குச் சர்க்கரை கொடுத்துச் சோறு போடும். பாக்டீரியா இல்லாத மண்ணில் குளோவர் வெளிறிப் போய் நோஞ்சானாக நிற்கும். அதனால்தான் இந்தப் பொடி. கருப்பு மட்கு மண்ணைப் பையில் அடைத்து, முதலில் குக்கரக்கா கையால் ஒருமுறை வேக வைத்து, அதில் இருக்கும் கண்ட கண்ட கிருமிகளைக் கொன்றுவிடுவார்கள். பிறகு ஊசி வழியாக நல்ல பாக்டீரியாவை உள்ளே செலுத்தி, ஊசி குத்திய ஓட்டை மேல் வட்டமாக ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டுவார்கள். அந்த வெள்ளை வட்டம் இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

கெடு தாண்டித் திரும்பி வரும் பழைய பைகளும் அவளிடம்தான் வரும். அவற்றை அப்படியே குப்பையில் கொட்டக் கூடாது. இரண்டாம் முறை வேக வைத்து, உள்ளே மிச்சம் இருப்பதைக் கொன்றுவிட்டுத்தான் கொட்ட வேண்டும். முதல் வேக்காடு பிறப்பதற்கு, இரண்டாம் வேக்காடு இறப்பதற்கு என்று அவளே ஒரு விளக்கம் வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி. நகரத்துக்கு வெளியே குத்தகை நிலத்தில் மாடு வைத்துப் பால் விற்கிறவன். அக்கா செய்கிற வேலை அவனுக்குப் பல வருஷமாகக் கேலிப் பொருள். உறவுக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம், "எங்கக்கா கிருமியைப் பை பையா கட்டி விக்கிறா, அதையும் காசு குடுத்து வாங்குறான் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவான். அவள் சிரித்துக்கொண்டே பதிலுக்கு அவன் பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றிச் சொல்வாள். வெளியே விளையாட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு அது சுருக்கென்று தைக்கும். ஆயுசில் பாதியை அந்த உருளைக்கு முன்னால் கழித்தவளிடம், கூடப் பிறந்தவனே அதைச் சிரிப்பாக்கினால் தைக்காமல் என்ன செய்யும்?

அப்படிப்பட்டவன் இந்த வருஷம் தானாகப் போன் செய்தான். யூரியா விலை கட்டுப்படியாகவில்லை, பெரிய வயல் முழுக்கக் குளோவர் போடப் போகிறேன் என்றான். கொஞ்சம் தயங்கி, "அக்கா, உன் பொடி இருந்தா குடுக்கா. இந்தத் தடவை அதை நம்பித்தான் எறங்குறேன். இது வரலேன்னா ரெண்டு மூணு மாட்டை வித்துற வேண்டியதுதான்" என்றான்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே புதுத் தயாரிப்பில் மூன்று பைகளைப் பணம் கட்டி வாங்கி, தன் தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை அதே வண்டியின் மேல்தட்டில் யாரோ பழைய பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வண்டியோடு உருளைக்குள் தள்ளினாள், கதவைப் பூட்டினாள், சுவிட்சைப் போட்டாள். மனசெல்லாம் தம்பி சொன்ன வார்த்தையிலேயே இருந்தது. கீழே குனிந்து பார்க்கவே இல்லை. சாயங்காலம் மூன்று பைகளும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. வைத்த இடத்தில் இருக்கும் பொருளை யார் சந்தேகப்படுவார்கள்? புரட்டிக்கூடப் பார்க்காமல் துணிப்பையில் போட்டுக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போய், விதையை எப்படிப் பிசற வேண்டும், எப்படி நிழலில் உலர்த்த வேண்டும் என்று ஒரு பாடமே நடத்திவிட்டு வந்தாள். தம்பி பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

விதைத்தான். மழை பெய்தது. முளைத்தது. பல வாரம் கழித்து அவள் போனபோது பயிர் விரலளவு நின்றது; ஆனால் இலை எல்லாம் மஞ்சள். ஆரம்பத்தில் கொஞ்சம் மஞ்சளிக்கும், வேரில் முடிச்சு விழுந்ததும் தேறிவிடும் என்று தனக்குத் தெரிந்ததைத் தம்பியிடம் சொன்னாள். அவனும், "உன் பொடி போட்டதுக்கா, வராம எங்க போகும்!" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்.

பிறகு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். தம்பி மனைவி கிழிந்த சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டன்களைப் போட்டு வைத்திருந்தது பொடி வந்த பைகளில் ஒன்றில்.

"நல்ல கெட்டியான கவரு அண்ணி. தூக்கிப் போட மனசு வரல, மூணையும் கழுவி வச்சுக்கிட்டேன்" என்றாள் அவள்.

குக்கரக்கா பையைக் கையில் வாங்கினாள். ஊசி ஓட்டை மேல் ஒட்டியிருந்த காகித வட்டம் வெள்ளையாக இல்லை. பழுப்பேறி, ஓரம் சுருண்டு, தோல் மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. கழுவினால் அப்படி ஆகாது. அந்தச் சுருக்கத்தை அவள் தினம் பார்க்கிறவள். இரண்டாம் முறை வெந்த பைகளில் மட்டும்தான் அது வரும்.

தள்ளுவண்டி, கீழ்த்தட்டு, குனிந்து பார்க்காத காலை, எல்லாம் வரிசையாக வந்து கண் முன்னால் நின்றன. கோடிக் கணக்கில் கொன்றேன் என்று பெருமை பீற்றிக்கொண்டவள், தம்பி நம்பிக் கேட்ட ஒரே பொருளையும் கொன்று, கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தொண்டை வரைக்கும் வார்த்தை வந்தது. அதற்குள் தம்பி வாசலில் வந்து நின்று, "அக்கா, அடுத்த வருஷத்துக்கும் இப்பவே சொல்லி வச்சிரு" என்றான். வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவர் சாவகாசமாக யோசித்துவிட்டு, "பிரேக் இல்லாத வண்டிய ஓட்ட விட்ட மாதிரி ஆயிடுச்சே. டிரைவர்கிட்ட சொல்லிடறதுதான் நல்லது" என்றார். சரியான யோசனைதான். சரியான யோசனை சொல்லும் புருஷன் மேல் பெண்டாட்டிக்கு வருகிற எரிச்சலும் அவளுக்கு வந்தது.

சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறிப் போவாள். போனால் வேலியோரம் நின்று வயலைப் பார்ப்பாள். தம்பி எங்கிருந்தோ ஓடி வந்து பக்கத்தில் நிற்பான். அவன் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவனும் அவள் முகத்தைப் பார்க்காமல் பொடியைப் புகழ்வான். புகழ்ச்சி ஒவ்வொன்றும் அவளுக்கு ஊசியாக இறங்கும். காப்பியைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவாள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், வயல் தேற ஆரம்பித்தது. முதலில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பச்சை. அப்புறம் திட்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டன. அடுத்துப் போனபோது கணுக்கால் மறைய நின்றது, கரும்பச்சையாக. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. செத்த பொடிக்கு இப்படிப் பயிர் வருமா? பொடி வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொண்டு, அக்கா மனசு நோகக் கூடாதென்று கமுக்கமாக யூரியா வாங்கிப் போட்டிருக்கிறான். அப்படித்தான் முடிவு கட்டினாள். மாட்டுக் கொட்டகை ஓரம் காலி மூட்டை ஏதாவது கிடக்கிறதா என்று திருட்டு முழி முழித்துத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் வேரும் மண்ணுமாக நாலைந்து செடியைப் பிடுங்கி ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள்.

கம்பெனியில் பைகளைச் சோதித்துப் பார்க்கிற பெண்ணை எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பாக்டீரியாவைப் படித்துப் பட்டம் வாங்கியவள். குக்கரக்காவை விட வயதில் ரொம்பச் சின்னவள்; அதிர்ந்து பேசாதவள். திங்கட்கிழமை காலை அவள் மேஜை மேல் ஈரத் துணியை வைத்துவிட்டு, குக்கரக்கா நின்றபடியே நடந்ததை எல்லாம் கொட்டினாள்.

"உட்காருங்கக்கா முதல்ல" என்றாள் டாக்டர். வேரைத் தண்ணீரில் அலசினாள். வெள்ளை வேரில் முடிச்சுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பெரியதாக ஒன்றைக் கிள்ளி, கத்தியால் இரண்டாக நறுக்கி, பூதக்கண்ணாடியை நீட்டினாள். "என்ன நிறம்னு பாத்துச் சொல்லுங்க."

உள்ளே இளஞ்சிவப்பு. குழந்தையின் உதட்டு நிறம்.

"நம்ம ரத்தத்துல இருக்கிற மாதிரி ஒரு சாயம் அதுக்குள்ள ஊறும்க்கா. உள்ள இருக்கிறது உயிரோட வேலை செஞ்சாத்தான் இந்தச் சிவப்பு. யூரியா அள்ளிக் கொட்டியிருந்தா செடி இத்தனை முடிச்சு விடவே விடாது. சும்மா சோறு கிடைக்கிறப்ப எதுக்கு ஆளை வச்சுச் சமைக்கணும்? உங்க தம்பி யூரியா போடல. வயல் தானா பொழைச்சுக்கிச்சு."

குக்கரக்கா சத்தம் போட்டு மூச்சு விட்டாள். நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முடிச்சை நறுக்கச் சொன்னாள். அதுவும் சிவப்பு. அடுத்ததையும் நறுக்கச் சொன்னாள். மாடு விற்க வேண்டாம் என்பது மட்டும் அவள் மனசில் திரும்பத் திரும்ப ஓடியது.

"அப்ப என் பொடி சாகலையா?"

"தெரியல. பாத்துருவோம்."

டாக்டர் முடிச்சுகளை ஒவ்வொன்றாக எரிசாராயத்தில் முக்கி, வெளியே ஒட்டியிருந்ததைக் கொன்றுவிட்டு, நசுக்கி, உள்ளே இருந்ததைக் கண்ணாடித் தட்டுகளில் தீற்றினாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு. ஒன்று சாதாரணத் தட்டு. இன்னொன்றில் ஒரு மருந்து கலந்திருந்தது. கம்பெனி வளர்க்கும் பாக்டீரியா மட்டும் அந்த மருந்தைத் தாங்கும், மற்றவை சாகும். தங்கள் சரக்கை அடையாளம் காண அவர்கள் வைத்திருந்த வழி அது.

வார முடிவில் கூப்பிட்டாள். மருந்துத் தட்டுகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. ஒரு புள்ளி கிடையாது.

"நம்ம ஆளு ஒருத்தர் கூட இல்லக்கா. வெந்துதான் போயிருக்கு."

சாதாரணத் தட்டுகளைப் பார்த்தாள். அவை நிறைய இருந்தன, ஒன்று போல ஒன்று இல்லை. ஒன்றில் பால் துளி மாதிரி வெள்ளை. ஒன்றில் கஞ்சித் தண்ணீர் மாதிரி வழவழவென்று பரவியிருந்தது. இன்னொன்றில் குண்டூசித் தலை அளவுக்கு, வளர்வதா வேண்டாமா என்று யோசிப்பது போல. ஒரே வேரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு முடிச்சுகளில் கூட வேறு வேறு ஆட்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்ததையும் டாக்டர் மரபணுச் சோதனையில் வைத்துப் பார்த்திருந்தாள். அதிலும் பிரிந்துதான் வந்தன.

"எல்லாம் ஒரே இனம்தான். ஆனா அதுக்குள்ள இத்தனை வகை. சிலது மாடா உழைக்கும். சிலது முடிச்சுல எடம் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து தின்னும். செடிக்கு மொத்தத்துல கணக்குச் சரியா வந்துருது."

"எங்க புகுந்த வீடு மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் குக்கரக்கா. அவளுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. "இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

"வேலியோரம் குளோவர் தானா முளைச்சுக் கிடக்கா?"

கிடந்தது. மாடு மேயாத மூலையில், யாரும் விதைக்காமல், எந்தக் காலத்திலிருந்தோ.

"அப்ப அந்த மண்ணு பூரா இவங்க குடியிருப்புதான். விதை விழுந்ததும் வேருக்குள்ள ஏறிட்டாங்க. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். இந்த மாதிரி மண்ணுல நம்ம பொடி உயிரோட போனாலும் எடம் கிடைக்கிறது சந்தேகம்தான். குளோவரே பாக்காத மண்ணுக்குத்தான் நாம அவசியம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை குக்கரக்கா பஸ்ஸில் போகும்போது பயம் பாதியாகிவிட்டிருந்தது. வயல் பிழைத்தது. இனி அவளுக்கு வரப் போவது கெட்ட பெயர் மட்டும்தான். அதுவும் லேசில்லை, இனி ஆயுசுக்கும் உறவுக் கூட்டத்தில் இந்தக் கதைதான் ஓடும். ஓடட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பொய்ப் புகழைக் கேட்டுக்கொண்டு காப்பி குடிப்பதைவிட அது மேல்.

தம்பி கொட்டகையில் பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் அவன் வழக்கம்போல, "பாத்தியாக்கா, உன் பொடி..." என்று ஆரம்பித்தான்.

"நிறுத்துடா. அது செத்த பொடி" என்றாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "வேக வச்சுக் குடுத்துட்டேன். உன் வயல் பொழைச்சது உன் மண்ணுல இருந்த பாக்டீரியாவால. நான் குடுத்தது வெறும் வெந்த மண்ணு. மன்னிச்சுக்க."

தம்பி பாத்திரத்தைக் கீழே வைத்தான். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் பதறிக் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான்.

"இப்பவாவது சொல்லித் தொலைங்க" என்றாள் அவன் மனைவி.

"அக்கா, நான் பொடியப் போடவே இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"விதைக்கிற மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்தான் பாரு, அந்த ஆளு ஈர விதையப் போட மாட்டேன்னுட்டான். பிசுபிசுன்னு இருந்தா மெஷின் அடைச்சுக்கும்னான். மேல மழை வேற கட்டிக்கிட்டு நின்னுச்சு. உலர்த்த நேரமில்ல. வெறும் விதையப் போட்டுட்டு, பொடியக் குப்பைக்குழியில கொட்டிட்டேன்."

"போடவே இல்லையா?" குக்கரக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. கொடுத்தது செத்த பொடி என்பதே மறந்துவிட்டது. "அத்தனை பாடம் எடுத்தேன், மண்டைய மண்டைய ஆட்டினியே! குப்பையிலயா கொட்டின? வாராவாரம் உன் பொடி உன் பொடின்னு என் காதுல பூச்சுத்தினியா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? யூரியா ஒரு மூட்டை வாங்கி வைக்கோலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன், இன்னமும் பிரிக்கல. எப்பப் பிரிக்க? நீதான் ஞாயிறு தவறாம வந்து வேலியில நின்னு வயலையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறியே. வெள்ளைக் குருணை ஒண்ணு கண்ணுல பட்டாலும் கண்டுபிடிச்சிருவியே." அவன் சிரிப்பை நிறுத்தினான். முகத்தை ஈரக் கையாலேயே துடைத்துக்கொண்டான். "அத்தனை வருஷம் உன்னைக் கிண்டல் பண்ணிட்டு, முதல் தடவையா உன்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கினேன். அதைக் குப்பையில கொட்டினேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

அவளுக்குத் திட்ட இன்னும் நாலு வார்த்தை பாக்கி இருந்தது. அவை எங்கே போயின என்று தெரியவில்லை. இவ்வளவு நாள் இவனுமா தூங்காமல் கிடந்தான்? கையை நீட்டி அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். ரொம்ப வருஷமாயிற்று, அவனைக் குட்டி.

தம்பி மனைவி வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆக, இந்த வயலுக்கு அக்காவும் தம்பியும் சேர்ந்து பண்ணின ஒரே வேலை, ஒருத்தருக்கொருத்தர் பயந்து நின்னதுதான்" என்றாள்.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த கன்றுக்குட்டி மிரண்டது. சிரிப்பு அடங்குகிற நேரத்தில் யாராவது ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்ப்பார், மறுபடி ஆரம்பித்துவிடும். குக்கரக்கா அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள். வயிறு நிறைந்ததா மனசு நிறைந்ததா என்று கேட்டால், இரண்டும்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே தூங்கிப் போனாள். இறங்க வேண்டிய இடம் தாண்டி, வண்டி டிப்போவுக்குள்ளேயே போய் நின்றது. வீட்டுக்காரர்தான் ஜன்னலைத் தட்டி எழுப்பினார்.

"டிரைவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன். அவன் வண்டியவே எடுக்கலையாம்" என்று சொல்லிவிட்டு, அவர் புரியாமல் விழிப்பதைப் பார்த்துக்கொண்டே சிரித்தபடி இறங்கினாள்.